காற்றைக் கரண்டால் தள்ளலாமா? பிளாஸ்மா இயக்கி: ஓர் எளிய விளக்கம்

ஆடி மாதம் ஹப்புத்தளைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். தேயிலைத் தோட்டத்து லயத்துக் கூரைகளின் மேல் பழைய டயர், கருங்கல், மண் நிரப்பிய உரப்பை என்று ஏதாவது ஒன்று கிடக்கும். தகரத்தைக் காற்று கொண்டுபோகாமல் இருக்கத்தான். காற்று கூரைக்கு அடியில் புகுந்து தகரத்தைக் கிளப்புகிறது என்றுதான் சின்ன வயதில் நான் நினைத்திருந்தேன். அதில் பாதிதான் உண்மை. மற்றப் பாதி கூரைக்கு மேலே நடக்கிறது. ஒரு பக்கச் சரிவில் ஏறி வரும் காற்று முகட்டைத் தாண்டியதும், மறுபக்கச் சரிவை ஒட்டி இறங்க முடியாமல் கூரையை விட்டுப் பிரிந்துவிடுகிறது. பிரிந்த இடத்தில் அழுத்தம் குறைகிறது. வீட்டுக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம் அப்படியே இருக்க, மேலே மட்டும் குறைந்தால் தகரம் மேல்நோக்கி இழுபடாமல் என்ன செய்யும்?

காற்று இப்படி ஒரு மேற்பரப்பை விட்டுப் பிரிவதுதான் விமானச் சிறகுக்கும் காற்றாலைத் தகட்டுக்கும் பெரிய தலையிடி. அதைத் தடுக்க, அசையும் பாகம் ஒன்றுகூட இல்லாமல், மின்சாரத்தை மட்டும் வைத்து ஒரு வழி இருக்கிறது. பிளாஸ்மா இயக்கி என்று சொல்வார்கள். உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறவன் நான். இந்தக் கருவியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் வகுப்பில் யாரும் மணிக்கூட்டைப் பார்ப்பதில்லை. பாடப் புத்தகத்தில் தனித்தனி அலகுகளாகக் கிடக்கும் பாய்பொருள், மின்புலம், கொள்ளளவி எல்லாம் ஒரே செப்பு நாடாவில் வந்து சேர்வதைப் பார்க்கிற ஆனந்தம் அது.

முதலில் காற்று ஏன் பிரிகிறது என்பதைப் பார்ப்போம்.

தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் பெரிய விசிறிகள் சுற்றும். நாள் முழுக்கச் சுற்றிய விசிறி நின்ற பிறகு அதன் தகட்டைத் தடவிப் பார்த்தால் விரலில் தூசி அப்பும். அவ்வளவு வேகமாகச் சுற்றியும் அந்தத் தூசி ஏன் பறந்துபோகவில்லை? தகட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று தகட்டோடு ஒட்டிக்கொண்டே சுற்றுவதால்தான். தொடும் இடத்தில் காற்றுக்கும் தகட்டுக்கும் இடையே வேக வித்தியாசமே இல்லை. சற்று விலகினால் கொஞ்சம் வித்தியாசம், இன்னும் விலகினால் முழு வேகம். மேற்பரப்பை ஒட்டிய இந்த மெல்லிய, சோம்பல் பிடித்த பகுதிக்கு எல்லைப்படை என்று பெயர். ஜேர்மனியரான லூட்விக் பிராண்டில் 1904 இல் இதை எடுத்துச் சொன்னார். காற்றுக்கும் பாகுமை, அதாவது பாணி மாதிரி இழுத்துப்பிடிக்கும் குணம், உண்டு, ஆனால் அதன் வேலை பெரும்பாலும் இந்த மெல்லிய படைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது என்பதுதான் அவர் கண்டது. அதன் பிறகுதான் சிறகைப் பற்றி ஒழுங்காகக் கணக்குப் போட முடிந்தது.

சரி, சோம்பலான காற்றால் என்ன கெட்டுவிடப் போகிறது? தோட்டத்துப் பிள்ளைகள் பெயாரிங் சில்லுப் பூட்டிய பலகை வண்டியில் இறக்கத்தில் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஓர் இறக்கம், உடனே ஓர் ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வண்டிகள் ஒன்றாகப் புறப்படுகின்றன. ஒன்றின் பெயாரிங் நல்லது, மற்றதில் துரு. நல்ல வண்டி இறங்கிய வேகத்திலேயே எதிர் மேட்டில் ஏறிவிடும். துருப்பிடித்தது பாதி மேட்டில் நின்று, பிறகு பின்னோக்கி உருளும். சிறகின் மேல் பக்கமும் அப்படித்தான். முன்பகுதியில் அழுத்தம் குறைந்துகொண்டே போகும், அது காற்றுக்கு இறக்கம். பின்பகுதியில் அழுத்தம் கூடிக்கொண்டே வரும், அது ஏற்றம். மேலே ஓடும் வேகமான காற்று ஏறிவிடும். மேற்பரப்பை உரசிக்கொண்டு வந்த காற்று துருப்பிடித்த வண்டி மாதிரி நின்று, பின்னோக்கித் திரும்பிவிடும். பின்னால் வரும் காற்று அதன் மேல் ஏறித்தான் போக வேண்டும். அந்த இடத்தில்தான் பாய்ச்சல் மேற்பரப்பை விட்டுப் பிரிகிறது.

சிறகை அதிகமாக நிமிர்த்தினால் மேடு செங்குத்தாகிவிடும், பிரிவு முன்னுக்கு நகர்ந்து வரும். ஒரு கட்டத்தில் தூக்குவிசை சட்டென்று விழும். விமானிகள் மிகவும் அஞ்சும் நிலை இது.

இதற்கு மருந்து என்ன? துருப்பிடித்த வண்டி இறக்கத்தின் அடிக்கு வந்ததும் யாராவது ஒரு தள்ளுத் தள்ளிவிட்டால் போதும். பெரிய தள்ளுத் தேவையில்லை, சரியான இடத்தில் ஒரு சின்னத் தள்ளு. விமானங்களில் இதைப் பல விதமாகச் செய்திருக்கிறார்கள். சிறகின் மேல் விரல் நீளத் தகடுகளை வரிசையாக நட்டு, மேலே ஓடும் வேகமான காற்றைச் சுழற்றிக் கீழே கொண்டுவருவது ஒன்று. சிறகில் துளையிட்டுக் காற்றை ஊதுவது அல்லது உறிஞ்சுவது இன்னொன்று. தகடுகள் தேவையில்லாத நேரத்திலும் காற்றை இழுத்துப்பிடித்துக்கொண்டே இருக்கும். ஊதுவதற்கும் உறிஞ்சுவதற்கும் குழாய், பம்பி, வால்வு என்று பாரம் ஏறும். தேவையான போது மட்டும் போட்டு, தேவையில்லாத போது நிறுத்திவிடக்கூடிய ஒரு தள்ளு வேண்டும்.

மூடுபனியில் ஸ்ஸ் என்ற சத்தம்

இனிக் காற்றை விட்டுவிட்டு மின்சாரத்துக்கு வருவோம். நோட்டன் பிரிட்ஜ், லக்சபான பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு சத்தம் பழக்கம். 1950 இல் லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கிய காலம் தொட்டு அந்தப் பக்கத்துத் தேயிலை மலைகளுக்கு மேலாகப் பெரிய கரண்ட் கம்பிகள் போகின்றன. வெயில் நேரத்தில் அவை பேசாமல் இருக்கும். மூடுபனி இறங்கிய மாலையில் கோபுரத்துக்குக் கீழே நின்றால் ஸ்ஸ் என்று ஒரு சீறல் கேட்கும். நல்ல இருட்டில், பழகிய கண்ணுக்குக் கம்பியை ஒட்டி மங்கலான நீல ஊதா வெளிச்சமும் தெரியும்.

அது என்ன? சாதாரணமாகக் காற்று ஒரு காவலி, மின்சாரத்தைக் கடத்தாது. ஆனாலும் அதில் எப்போதும் ஒன்றிரண்டு இலத்திரன்கள் தனியாக அலைந்துகொண்டிருக்கும். மின்புலம் போதிய அளவு பலமாக இருந்தால், அந்த இலத்திரன் வேகமெடுத்து ஒரு மூலக்கூறில் மோதி இன்னோர் இலத்திரனைப் பிடுங்கிவிடும். இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். இலத்திரனை இழந்த மூலக்கூறு நேர் அயனாக நிற்கும். சில இலத்திரன்கள் ஒட்சிசனில் ஒட்டிக்கொண்டு மறை அயன்களாகும். இப்படி நேர், மறை மின்னேற்றங்கள் கலந்து கிடக்கும் வாயுதான் பிளாஸ்மா. கடல் மட்டத்தில் ஒரு சென்ரிமீற்றர் காற்று இப்படி உடைய ஏறக்குறைய 30,000 வோல்ற்று வேண்டும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். அதனால் அங்கே அதைவிடக் குறைந்த வோல்ற்றளவிலேயே காற்று உடையும். கம்பியில் பனித்துளி தொங்கும்போது, அதன் நுனியில் மின்புலம் கூர்மையாகக் குவிகிறது. அந்தச் சின்ன இடத்தில் மட்டும் காற்று உடைகிறது, அதுதான் சீறல்.

இதே வேலையைக் கட்டுப்பாட்டோடு செய்யலாம் என்பது பழைய செய்தி. 1857 இல் வேர்னர் ஃபொன் சீமன்ஸ், இரண்டு மின்வாய்களுக்கு இடையே கண்ணாடியைத் தடுப்பாக வைத்து ஓசோன் தயாரித்தார். தடுப்பு இல்லையென்றால் படார் என்று ஒரு பொறி பாய்ந்து முழு மின்னோட்டமும் ஒரே இடத்தில் போய்விடும். கண்ணாடி இருந்தால், பாயும் ஏற்றங்கள் அதன் மேல் வந்து படிந்து, தங்களை அழைத்த மின்புலத்தைத் தாங்களே தணித்துவிடும். உடனே பாய்ச்சல் அணையும். மறுபடி தொடங்க வேண்டுமானால் மின்வாய்களின் குறியை மாற்ற வேண்டும். அதனால்தான் இதற்கு ஆடலோட்டம் கட்டாயம். நேரோட்டம் கொடுத்தால் ஒரு தடவை மின்னிவிட்டு நின்றுவிடும்.

செப்பு நாடா இரண்டு, நடுவில் ஒரு தகடு

பிளாஸ்மா இயக்கியின் அமைப்பைச் சொன்னால் "இவ்வளவுதானா" என்று கேட்பீர்கள். பிளாஸ்டிக் அல்லது கண்ணாடித் தகடு ஒன்று. மேல் பக்கத்தில் ஒரு செப்பு நாடா, காற்றுப்படும்படி. கீழ்ப் பக்கத்தில் இன்னொன்று, காற்றுப் படாமல் மூடப்பட்டு. ஒன்றுக்கு நேர்கீழே மற்றது வராது. மேல் நாடா முடியும் விளிம்பில் கீழ் நாடா தொடங்கும். இரண்டுக்கும் இடையே சில ஆயிரம் வோல்ற்று முதல் சில பத்தாயிரம் வோல்ற்று வரை, வினாடிக்குச் சில ஆயிரம் தடவை மாறும் ஆடலோட்டத்தைக் கொடுத்தால், மேல் நாடாவின் விளிம்பிலிருந்து கீழ் நாடாவின் பக்கமாக ஊதா நிற ஒளி ஒரு பட்டையாக விரியும்.

ஓர் ஆய்வுகூடத்தில் இது எரிவதைப் பாதுகாப்புக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறேன். மண்ணெண்ணெய் அடுப்பின் அடிச்சுடர் நிறம், போட்டோக்கொப்பிக் கடையில் வருமே அந்த ஓசோன் வாசனை. ஓர் ஊதுபத்தியை அருகில் வைத்திருந்தார்கள். நேராக மேலே போய்க்கொண்டிருந்த புகை, சுவிட்சைப் போட்டதும் வளைந்து கீழே இறங்கி, தகட்டை ஒட்டி ஒரு பக்கமாகப் பாய்ந்து ஓடியது. விசிறி இல்லை, குழாய் இல்லை. இவ்வளவு வருடம் கழித்தும் அந்தப் புகை வளைந்த வளைவு என் கண்ணில் நிற்கிறது.

புகையைத் தள்ளியது யார்? அயன்கள்தான். பிளாஸ்மாவுக்குள் இருந்தாலும் அந்தக் காற்றில் மிக மிகச் சிறிய பங்குதான் அயனாக மாறியிருக்கும், மற்றதெல்லாம் சாதாரண மூலக்கூறுகள். ஹட்டன் பஸ் நிலையத்தில் கடைசி பஸ் உள்ளே வரும்போது நாலைந்து பேர் ஓடத் தொடங்கினால், வழியில் நிற்கிறவர்கள் எல்லோரும் இடிபட்டு அந்தப் பக்கமாக நகர்வார்கள். அயன்கள் ஓடுகின்றன, மின்புலம் அவற்றை இழுக்கிறது. மோதல்களில் அவற்றின் உந்தம் மற்ற மூலக்கூறுகளுக்குக் கைமாறுகிறது. காற்று நகர்கிறது.

இங்கே கெட்டிக்கார மாணவர் ஒருவர் கையை உயர்த்துவார். "சேர், ஆடலோட்டம் என்றால் பாதி நேரம் முன்னுக்கும் பாதி நேரம் பின்னுக்கும் தள்ள வேண்டுமே, கூட்டினால் பூச்சியம்தானே?" நல்ல கேள்வி. ஆராய்ச்சியாளர்களே நீண்ட காலம் வாதாடியது இதைத்தான். இரண்டு அரைச் சுற்றுகளும் ஒரே மாதிரி இல்லை என்பதுதான் விடை. மேல் மின்வாய் மறைப் பக்கம் போகும்போது ஒளி மெத்தென்று பரந்து விரியும். நேர்ப் பக்கம் போகும்போது நூல் நூலாகக் கிளைத்து ஓடும். மெத்தென்று பரவும் அந்த அரைச் சுற்றில்தான் தள்ளு கூடுதல். ஒட்சிசனின் மறை அயன்களுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. மிச்சம் நிற்பது ஒரே திசைத் தள்ளு.

அமெரிக்காவின் டெனசி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜே. ரீஸ் ரோத், நாசாவின் லாங்லி ஆய்வு நிலையத்தாருடன் சேர்ந்து 1998 இல் இப்படியான மேற்பரப்புப் பிளாஸ்மாவால் எல்லைப்படையை மாற்றலாம் என்று காட்டினார். அதன் பிறகு நொட்ர டாம் பல்கலைக்கழகத்தில் தோமஸ் கோர்க்கின் குழு, அமெரிக்க விமானப்படைக் கல்லூரியில் என்லோவின் குழு, பிரான்ஸின் புவத்தியேயில் எரிக் மொரோவின் குழு என்று பலர் இறங்கினார்கள். ஜேர்மனியின் டாம்ஸ்டாட்டில் ஒரு மோட்டார் கிளைடரின் சிறகில் பூட்டி ஆகாயத்திலேயே பறந்து பார்த்தார்கள். ஆனால் நாம் ஏறிப்போகும் பயணிகள் விமானம் எதிலும் இது இன்னும் வரவில்லை. ஏன் என்பதுதான் இனி.

தள்ளு சின்னது

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்த இயக்கி உண்டாக்கும் காற்றோட்டம் வினாடிக்குச் சில மீற்றர்தான். நன்றாகச் செய்த ஒன்று பத்து மீற்றரை எட்டிப்பிடிக்கும். தரையிறங்கும் பயணிகள் விமானம் வினாடிக்கு எழுபது மீற்றர் அளவில் வருகிறது. விசையாகச் சொன்னால், ஒரு மீற்றர் நீள இயக்கி தருவது சில கிராம் நிறையைத் தூக்கும் அளவு. நன்றாக மேம்படுத்தியவை பத்து, இருபது கிராம் வரை போகும். கொடுக்கும் மின்வலுவில் காற்றின் அசைவாக மாறுவது ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான், பல வேளைகளில் அதுவும் இல்லை. மிச்சம் வெப்பமாகவும் ஒளியாகவும் ஓசோனாகவும் போகிறது.

அப்படியானால் எதற்கு இதைப் பிடித்துத் தொங்க வேண்டும்? இங்கேதான் இந்த விஷயத்தின் அழகு. பிரியப்போகும் காற்று தானாகவே சுழிகளாகச் சுருளத் துடித்துக்கொண்டிருக்கும் ஒன்று. கொத்மலை ஓயாவில் பெரிய பாறைக்குப் பின்னால் சுழிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்று போவதைப் பாருங்கள், அதே மாதிரி. அதைப் பலத்தால் அடக்கத் தேவையில்லை, தாளம் கொடுத்தால் போதும். காமன் கூத்தில் தப்பு அடிக்கிறவர் ஆடுகிறவரின் காலைப் பிடித்துத் தூக்குவதில்லை. எப்போது தூக்க வேண்டும் என்பதைத் தப்பு சொல்கிறது, ஆடுகிறவர் தன் பலத்தில் ஆடுகிறார். பிளாஸ்மாவை விடாமல் எரிக்காமல், விட்டு விட்டுச் சரியான தாளத்தில் எரித்தால், சுழிகள் அந்தத் தாளத்துக்குக் கட்டுப்பட்டுக் கழன்று, மேலே ஓடும் வேகமான காற்றைக் கீழே கொண்டுவந்து சேர்க்கும். பிரிந்த பாய்ச்சல் மறுபடி சிறகோடு ஒட்டிக்கொள்ளும்.

எந்தத் தாளம்? காற்றின் வேகத்தை, முன் விளிம்பிலிருந்து பின் விளிம்பு வரையான சிறகின் அகலத்தால் வகுங்கள். ஏறத்தாழ அதுதான். 20 சென்ரிமீற்றர் அகலமான தகட்டின் மேல் வினாடிக்கு 10 மீற்றர் காற்று போனால் விடை வினாடிக்கு 50 தடவை. ஒரு மீற்றர் அகலமான காற்றாலைத் தகட்டில் வினாடிக்கு 50 மீற்றர் போனாலும் அதே 50. நம் வீட்டு மின்சாரத்தின் மீடிறனும் 50 ஹேர்ட்ஸ் என்பது தற்செயல்தான், ஆனால் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு மறப்பதேயில்லை. ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நேரம் மட்டும் எரிந்தால் போதும் என்பதால் செலவாகும் மின்சாரமும் பல மடங்கு குறையும்.

இந்தத் துறையில் வரும் முன்னேற்றங்களைப் படிக்கிறபோது "இவ்வளவு மடங்கு விசை கூடியது" என்ற வரியைத்தான் எல்லோரும் முதலில் தேடுகிறார்கள். என் கருத்தில் அது தேடும் இடம் தவறு. எங்கே தள்ளுவது, எப்போது தள்ளுவது, எத்தனை நாள் கெடாமல் தள்ளுவது என்ற மூன்றும்தான் இந்தக் கருவியை ஆய்வுகூடத்திலிருந்து வெளியே கொண்டுவரும். என்றாலும் விசையைக் கூட்டும் முயற்சிகளிலும் கற்க நிறைய இருக்கிறது.

வோல்ற்றளவைக் கூட்டினால் என்ன என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். கூட்டலாம். தொடக்கத்தில் பலன் அபாரம். வோல்ற்றளவின் மூன்றரையாம் அடுக்குக்கு ஏற்ப விசை ஏறும், அதாவது வோல்ற்றளவை இரட்டித்தால் விசை பதினொரு மடங்கு. இழுக்கும் மின்வலுவும் கிட்டத்தட்ட அதே போக்கில் ஏறும். ஆனால் ஓர் எல்லைக்கு மேல் மெத்தென்று விரிந்த ஒளி கெட்டியான நூல்களாகத் திரண்டுவிடும். நூல் விழும் இடம் சுடும், தகடு கருகும், விசை ஏறுவது நின்றுவிடும். மின்சாரம் மட்டும் போய்க்கொண்டே இருக்கும்.

இங்கே கைகொடுத்தது கொள்ளளவிப் பாடம். இரண்டு நாடாவும் நடுவில் ஒரு தகடும் என்றால் அது மின்னேற்றத்தைச் சேர்த்துவைக்கும் ஒரு கொள்ளளவிதானே. தகடு தடிப்பாகவும் அதன் மின்னுழைமை (ஏற்றம் சேர உதவும் அந்தப் பொருளின் தன்மை) குறைவாகவும் இருந்தால் கொள்ளளவம் குறையும். ஒவ்வொரு சுற்றிலும் படியும் ஏற்றம் மட்டுப்படும், நூல் திரள்வது தள்ளிப்போகும், அதிக வோல்ற்றளவைத் தாங்கும். தொடக்கத்தில் பலரும் கப்டன் என்ற மெல்லிய பிளாஸ்டிக் நாடாவைத்தான் ஒட்டினார்கள், ஒட்டுவதற்கு லேசு என்பதால். 2009 அளவில் நொட்ர டாம் குழுவினர் சில மில்லிமீற்றர் தடித்த டெப்லோன், குவாட்ஸ் போன்றவற்றை வைத்து, மீடிறனைக் குறைத்து, வோல்ற்றளவை நன்றாக ஏற்றிப் பார்த்தபோது விசை பல மடங்கு கூடியது. மெல்லியதுதான் நல்லது என்று எல்லோரும் எண்ணியிருந்த இடத்தில் தடித்தது வென்றது. பெரும்பகுதி காற்றாலேயே ஆன சிலிக்கா ஏரோஜெல்லைக்கூடத் தகடாக வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

மேல் மின்வாயின் விளிம்பும் முக்கியம். நாடாவுக்குப் பதிலாக மெல்லிய கம்பி வைத்தால் அதே மின்சாரத்துக்குக் கூடுதல் தள்ளு கிடைக்கிறது. விளிம்பை ரம்பப் பல் மாதிரி வெட்டினாலோ, பாம்பு மாதிரி வளைத்தாலோ காற்று நேர்கோட்டில் போகாமல் பக்கவாட்டிலும் சுருண்டு நன்றாகக் கலக்கும். புளோரிடா பல்கலைக்கழகத்தில் சுப்ரதா ரோயின் குழு இந்தப் பாம்பு வளைவை நிறைய ஆராய்ந்தது. எனக்கு இது பிடித்த வழி. விசையைக் கூட்டாமலே வேலையைக் கூட்டுகிறது.

ஒன்று போதாவிட்டால் வரிசையாகப் பத்து வைக்கலாமே? வைத்தால் ஒரு புதுச் சிக்கல். முதல் இயக்கியின் கீழ் நாடாவுக்கும் அடுத்த இயக்கியின் மேல் நாடாவில் அதை நோக்கியிருக்கும் விளிம்புக்கும் இடையிலும் பிளாஸ்மா பற்றிக்கொள்ளும். அது எதிர்ப் பக்கம் தள்ளும். பாதிப் பேர் முன்னுக்கும் பாதிப் பேர் பின்னுக்கும் இழுக்கும் வடம் மாதிரி ஆகிவிடும். இடைவெளியைக் கூட்டியும், நடுவில் மூன்றாவது மின்வாய் ஒன்றைப் புதைத்தும் இதைச் சமாளிக்கிறார்கள்.

இன்னொரு வகையும் உண்டு. ஆடலோட்டத்தை விட்டுவிட்டு, ஒரு வினாடியின் கோடியில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ நீடிக்கும் மிகக் குறுகிய துடிப்புகளைக் கொடுப்பது. அப்போது தள்ளு ஏறக்குறைய இல்லை. மேற்பரப்பை ஒட்டிய காற்று கண்ணிமைக்கும் நேரத்தை விடப் பல்லாயிரம் மடங்கு சீக்கிரமாகச் சூடேறி விரிந்து ஒரு சின்ன அதிர்ச்சியலையை அனுப்பும். காற்றை ஒரு தட்டுத் தட்டிவிடுவது போல. சாதாரண வகை சளைத்துப்போகும் வேகமான பாய்ச்சல்களிலும் இது வேலை செய்வதாகக் காட்டியிருக்கிறார்கள்.

இவை எல்லாவற்றையும் எப்போது போட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதை மேற்பரப்பில் பதித்த அழுத்த உணரிகளைக் கேட்டு ஒரு கணினி தீர்மானிப்பது இப்போது வேகமாக வளரும் பகுதி. அம்பேவலைப் புல்வெளியில் நிற்கும் காற்றாலைகளைப் பார்க்கும்போது எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். மலையில் காற்று சீராக வீசுவதில்லை. முகட்டில் முட்டி, பள்ளத்தில் சுழன்று, அடித்து அடித்து வரும். பெரிய காற்றாலைத் தகட்டை முழுதாகத் திருப்பிச் சரிசெய்யச் சில வினாடிகளாவது வேண்டும். அதற்குள் அந்த அடி தகட்டையும் அச்சையும் உலுக்கிவிட்டுப் போயிருக்கும். பிளாஸ்மா ஒரு வினாடியின் ஆயிரத்தில் சில பங்குக்குள் பற்றிக்கொள்ளும்.

மழையில் இது வேலை செய்யுமா?

போன வருடம் ஒரு மாணவி கேட்ட கேள்வி இது. கொட்டகலையிலிருந்து வருகிற பிள்ளை. மழையிலும் மூடுபனியிலும் வளர்ந்த பிள்ளைக்குத்தான் இந்தக் கேள்வி முதலில் தோன்றும். பல ஆய்வுக் கட்டுரைகள் ஏசி போட்ட உலர்ந்த அறைக்குள் அளந்தவை.

மூடுபனிக் காற்றில் ஈரப்பதன் நூறை நெருங்கும். அந்த ஈரத்தில் இயக்கியின் தள்ளு பொதுவாகக் குறைகிறது. நீர் தகட்டின் மேல் படலமாகப் படிந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். மழைநீர் அவ்வளவு தூய்மையானது இல்லை, தூசியும் உப்பும் கலந்து அது மின்சாரத்தைக் கடத்தும். மேல் மின்வாய் அந்தப் படலம் முழுக்க நீண்டுவிட்ட மாதிரி ஆகும். கூரான விளிம்பு மறைந்துபோகும். விளிம்பு இல்லையென்றால் குவிந்த மின்புலம் இல்லை, ஒளி இல்லை, தள்ளும் இல்லை. மேலே கரண்ட் கம்பியில் பனித்துளி தொங்கியபோது ஒளி பிறந்தது. இங்கே அதே நீர் தகட்டில் பரவும்போது ஒளி அணைகிறது. முன்னதில் நீர் ஒரு கூர் நுனியைக் கொண்டுவந்தது, பின்னதில் இருந்த கூரையும் மழுக்கிவிட்டது.

சேம்பிலையில் நீர் உருண்டோடுகிற மாதிரி, நீர் ஒட்டாத பூச்சு ஒன்றைப் பூசினால்? நல்ல யோசனைதான், செய்தும் பார்க்கிறார்கள். ஆனால் இதற்குள் ஒரு முள் இருக்கிறது. பிளாஸ்டிக் பைகளில் அச்சிடும் தொழிற்சாலைகளில், மை ஒட்டுவதற்காக முதலில் அந்தப் பிளாஸ்டிக்கின் மேல் இதே மாதிரியான மின்னிறக்கத்தை ஓட விடுவார்கள். காற்றுப் பிளாஸ்மா பட்டால் நீர் ஒட்டாத பிளாஸ்டிக்கும் நீர் ஒட்டுகிறதாக மாறிவிடும் என்பதால்தான். ஆக, எந்தப் பூச்சை நம்பி இயக்கியை மழையில் வைக்கிறோமோ, அந்தப் பூச்சை இயக்கியே நாளடைவில் தின்றுவிடும். ஓசோன் வேறு பிளாஸ்டிக்கில் வெடிப்பு விழச் செய்யும். கண்ணாடி, பீங்கான் போன்றவை இந்தத் தாக்குதலை நன்றாகத் தாங்கும், ஆனால் வளையும் தகட்டில் அவற்றை ஒட்டுவது கடினம், தட்டினால் உடையும். இந்த முடிச்சை அவிழ்க்கிறவருக்குத்தான் என் முழு மரியாதையும்.

இந்தப் பகுதியைப் படித்துவிட்டு வீட்டில் செய்துபார்க்க யாருக்காவது ஆசை வரலாம். செப்பு நாடா கடையில் கிடைக்கும், பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் உயர் வோல்ற்று மாற்றியும் கிடைக்கும். தயவுசெய்து தொடாதீர்கள். இந்த வோல்ற்றளவு உயிரை எடுக்கும். மூடிய அறையில் சேரும் ஓசோன் நுரையீரலைப் பதம்பார்க்கும். ஊதுபத்திப் புகையை மின்விசிறிக்கும் கோப்பைக்கும் பக்கத்தில் வைத்து, காற்று எந்த இடத்தில் வளைவை விட்டுப் பிரிகிறது என்று பாருங்கள். ஓர் ஆபத்தும் இல்லை, பாதிப் பாடம் அதிலேயே இருக்கிறது.

அந்த மாணவிக்கு நான் சொன்ன விடைக்கு வருகிறேன். எரிந்துகொண்டிருக்கும் இயக்கியின் மேல் ஒரு துளி விழுந்தால், அந்த இடத்தில் மட்டும் ஊதாப் பட்டை அறுந்துபோகும். துளியின் இரண்டு பக்கமும் எரிந்துகொண்டே இருக்கும். எரியும் பகுதியின் சூடும் அது கிளப்பும் காற்றும் துளியைக் கொஞ்சம் கொஞ்சமாக உலர்த்தும். பட்டை மறுபடி ஒட்டிக்கொள்ளும். அடுத்த துளி விழும். ஆக, மழையில் இது வேலை செய்யுமா என்று கேட்பதைவிட, ஒரு துளி உலர எடுக்கும் நேரம் பெரியதா, அடுத்த துளி வர எடுக்கும் நேரம் பெரியதா என்று கேட்கலாம். தூறலில் இயக்கி ஜெயிக்கலாம், ஆடி மழையில் தோற்கும். மூடுபனி நடுவில் எங்கோ இருக்கிறது. அவள் கொப்பியைத் திறந்து, பனித்துளி ஒன்றின் நிறை எவ்வளவு இருக்கும் என்று கேட்டாள்.